சிரிக்காதவளுக்கு ஒரு பிஸ்கட் பெட்டி

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் ஆட்கள் நடத்தும் தமிழ் வானொலி ஒன்று இருக்கிறது. வானொலி என்றால் பெட்டி இல்லை, கைபேசியில்தான் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் கோழியை அடுப்பில் வைக்கும் நேரம் இரண்டு பெடியன்கள் அதில் வந்து பகிடி விடுவார்கள். இருவரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கிழமைக்கு ஒருவரை விருந்தினராகக் கூப்பிட்டு வாயைக் கிண்டுவது அவர்கள் வேலை. கல்யாண மண்டபக்காரர் வந்தார், பல் வைத்தியர் வந்தார், பேருந்து ஓட்டுகிற ஒருத்தி வந்து அவர்கள் இரண்டு பேரையும் ஒரு வழி பண்ணிவிட்டுப் போனாள். போன மாதம் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குச் சொல்லாமல் என் மகள் என் பெயரைக் கொடுத்திருக்கிறாள்.

நான் ஆட்களோடு அதிகம் கதைக்காதவள். இருபத்திரண்டு வருடம் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவினேன். கழுவுகிற மெஷின் போடும் சத்தத்தில் ஒருவரும் என்னோடு கதைக்க வரமாட்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

"அம்மா, டொக்டரிட்ட டெர்மின் எடுக்கிறதைவிட உங்களிட்ட எடுக்கிறது கஷ்டமாக் கிடக்கு" என்று ஒருவன் தொடங்கினான்.

"ஓம்" என்றேன்.

"ஒரு சொல்லுக்கு மேல கதைக்க மாட்டியளோ?"

"இல்லை."

அதற்கே இருவரும் விழுந்து சிரித்தார்கள். பிறகு மற்றவன் கேட்டான், "அம்மா எதுவரைக்கும் படிச்சனீங்கள்?" ஐந்தாம் வகுப்பு என்றேன். ஏன் நிறுத்தினீர்கள் என்றான். அப்பா மறித்துப்போட்டார் என்றேன். அது நான் எல்லோருக்கும் சொல்கிற பதில். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மொழி வகுப்பு டீச்சருக்குச் சொன்னேன். அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், நிரப்பித் தந்தவருக்குச் சொன்னேன். கல்யாணம் கட்டின மனிசனுக்கும் அதைத்தான் சொன்னேன். பெடியன்கள் இருவரும் பகிடியை விட்டுவிட்டு ஒரே குரலில், "பாவம் அம்மா" என்றார்கள்.

அந்தப் பாவம் எனக்குப் பிடிக்கவில்லை. கோழியும் கருகிப்போயிற்று. நான் பாவம் இல்லை. நடந்தது என்னவென்று இதோ எழுதுகிறேன். வாயால் சொல்லத்தான் எனக்கு வெட்கம். தாளுக்கு முன்னால் வெட்கமில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மன்னார்ப் பக்கத்தில் கடலோரத்து ஊர். எங்கள் கோயில் மண்டபத்தில் நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்யக் கொழும்பிலிருந்து வானொலிக்காரர்கள் வந்தார்கள். அவர்களோடு பகிடிக்காரர் இரண்டு பேர். ஒருவர் நெட்டை. மற்றவர் ஒட்டு மீசை வைத்திருந்தார். வானொலியில் மீசை யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் அப்போதே யோசித்தேன். கேட்கவில்லை.

ஆட்டம் இப்படி. ஊர்ச் சனத்தின் பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு பால்மாத் தகரப் பேணியில் போட்டு எடுப்பார்கள். பெயர் வந்த ஆள் மேடையில் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். மூன்று நிமிடம் அவர்கள் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது. சபையிலிருந்து ஒருவரும் உதவிக்கு வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மணி அடித்து ஆட்டம் முடிந்துவிடும். மூன்று நிமிடமும் தாக்குப்பிடித்தால் ஒரு பெரிய தகரப் பெட்டி நிறையப் பிஸ்கட். பெட்டியின் மூடியில் குதிரை வண்டிப் படம் ஒன்று கீறியிருந்தது.

என் பெயரை எழுதிப் போட்டது மாமா, அம்மாவின் தம்பி. "உன்னை நீ பிறந்ததில இருந்து பாக்கிறன், ஒரு நாள் பல்லைக் காட்டினதில்லை. பெட்டி எங்களுக்குத்தான். பாதி எனக்கு, சொல்லிப்போட்டன்" என்றார்.

அப்பாவுக்கு இது தெரியாது. அவர் வரவேற்புக் குழுவில் ஓர் ஆள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கையில் குடையோடு, மூன்றாவது வரிசையில் இருந்தார். முன்வரிசையில் பங்குச் சுவாமி, எங்கள் பாதிரியார். அந்த வருடத் தொடக்கத்தில் சுவாமி வீடு வீடாக வந்து எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்று விசாரித்திருந்தார். அப்பா என்னைக் காட்டி, "இவள் டவுனில கன்னியாஸ்திரிமார் பள்ளிக்கூடத்தில ஆறாம் வகுப்பு, சுவாமி" என்று சொல்லியிருந்தார். சுவாமி மகிழ்ந்து என் தலையில் கைவைத்து ஆசீர்வாதமும் தந்தார். உண்மையில் நான் வீட்டில்தான் இருந்தேன். அம்மா கருவாட்டு வாடியில் மீன் வெட்டி உப்புப் போடுகிற வேலைக்குப் போனார். எட்டு மாதத் தங்கச்சி என் இடுப்பில். அம்மாவின் வயிற்றில் இன்னொன்று, வெளியில் தெரியத் தொடங்கியிருந்தது.

மீசைக்காரர் பேணிக்குள் கைவிட்டு என் பெயரை வாசித்தார். அப்பா பாதி எழும்பினவர் என்னோடு மேடைப் படிவரைக்கும் வந்து காதுக்குள் சொன்னார். "வகுப்புக் கேட்டா ஆறு எண்டு சொல்லு. சுவாமி முன்னுக்கு இருக்கிறார். விளங்கிச்சோ?"

நான் தலையாட்டினேன். கதிரை எனக்கு உயரம், கால் நிலத்தில் முட்டவில்லை. மணி அடித்தது.

"பிள்ளை, கொஞ்சம் பெலத்துக் கதை. இந்த மைக்குக்குக் காது மந்தம்" என்றார் நெட்டையர். "இண்டைக்கு வீட்டில என்ன சமையல்?"

"சோறும் மீனும்."

"என்ன மீன்?"

"விக்காத மீன்."

மண்டபம் சிரித்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. விற்ற மீனை எப்படிச் சமைப்பது?

"அப்ப வித்த மீனை ஆர் தின்னுறது?" என்று மீசைக்காரர் கேட்டார்.

"வாங்கினவை."

இன்னும் சிரிப்பு. மீசைக்காரர் முகத்தை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து கண்ணை உருட்டினார். "ஏன் பிள்ளை என்னையே பாக்கிறாய்? பயமாக் கிடக்கோ?"

"இல்லை. உங்கட மீசை ஒரு பக்கம் கழண்டு வருது."

அவர் அவதியாகக் கையை வைத்தார். மற்றப் பக்கமும் கழன்றது. பின்னுக்கு நின்ற ஆட்கள் வாங்கில் ஏறிவிட்டார்கள். மாமா இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். விசில் உதவி இல்லை என்று நெட்டையர் தீர்ப்புச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவும் இல்லை. பிஸ்கட் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது லேசான ஆள் இல்லை" என்று நெட்டையர் கதிரையை இழுத்துப் போட்டார். "பிள்ளை, நீ எத்தனையாம் வகுப்பு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஒரு கையின் ஐந்து விரலையும் விரித்து, குடை பிடித்த மற்றக் கையால் ஒரு விரலை நீட்டப் பார்த்தார். குடை நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தார். சுவாமி திரும்பி அவரைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. ஆறாம் வகுப்பில் படிக்கிறேன் என்று சொல்லச் சொல்லி அனுப்புகிறவர் என்னை ஏன் ஆறாம் வகுப்புக்கு அனுப்பவில்லை என்று ஒரு கோபம் வந்தது.

"ஒரு வகுப்புமில்லை. அஞ்சோட மறிச்சாச்சு."

"ஆர் மறிச்சது?"

"அப்பா."

"ஏனாம்?"

"தங்கச்சியை ஆர் பாக்கிறது?"

சிரிப்புக் குறைந்துவிட்டது. பகிடிக்காரர்களுக்கு அது நல்லதில்லை. மீசைக்காரர் கையிலிருந்த மீசையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப தங்கச்சி நல்லாப் படிக்கிறாவோ?"

"அவளுக்குப் பல்லே முளைக்கேல்லை."

மண்டபம் திரும்பவும் வெடித்தது. நெட்டையர் கையைக் காட்டி அடக்கினார். "பல் முளைச்சு அவள் நடக்கத் தொடங்கினாப்போல உன்னைப் பள்ளிக்கூடம் விடுவினம்தானே?"

"விடாயினம்" என்றேன். "அடுத்தது வரும்."

ஆண்கள் பக்கத்தில் எழும்பிய சிரிப்பு ஓட்டுக் கூரையில் போய் இடித்தது. பெண்கள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். சிலபேர் திரும்பி அம்மாவின் வயிற்றைப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு குரல் வந்தது.

"ஓம்! அவள் சொல்லுறது சரி!"

அம்மா எழும்பி நின்றார், தோளில் தங்கச்சி. கோயிலில் பாட்டுப் பாடும்போதுகூட வாயை மட்டும் அசைக்கிற அம்மா. ஊரில் பாதிப் பேர் அவருடைய குரலை அன்றைக்குத்தான் கேட்டார்கள். 

மணி அடித்தது.

"சபையில இருந்து குரல் வந்திட்டுது. சட்டம் சட்டம்தான், பிள்ளை" என்று நெட்டையர் சொன்னார். மூன்று நிமிடத்துக்கு இன்னும் அரை நிமிடம் கிடந்தது. பெட்டி அடுத்த ஆளுக்காக மேசையில் இருந்தது. ஆறுதல் பரிசு என்று என் கையில் ஒரு சவர்க்காரத்தைத் தந்தார்கள். மேடையில் வைத்தே நான் அழுதேன். சிரிக்கத்தானே கூடாது என்றார்கள், அழக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டில் அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அப்பா அம்மாவைப் பார்த்து, "சபையில வைச்சு மானத்தை வாங்கிப்போட்டாய்" என்றார்.

"நான் என்ன பொய்யே சொன்னனான்?" என்று அம்மா கேட்டார். கேட்டுவிட்டு மீன் சட்டியைக் கழுவப் போய்விட்டார்.

எனக்கு அவர்கள் சண்டை பெரிதில்லை. என் பிஸ்கட் போய்விட்டது. போனது அம்மாவால். மாமாவும் அதைத்தான் சொன்னார், "அக்கா அரை நிமிசம் பொறுத்திருக்கலாம்." நான் அம்மாவோடு கதைப்பதை நிறுத்தினேன். அம்மா சவர்க்காரத்தை எடுத்து என் பள்ளிக்கூடச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டார். நான் அதைப் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டாம் ஞாயிறு நிகழ்ச்சி ஒலிபரப்பானது. வானொலிப் பெட்டி இருந்த பேக்கரி வாசலில் ஊரே நின்றது. விக்காத மீன் வந்தது, மீசை வந்தது, அடுத்தது வரும் என்று என் குரலும் வந்தது. கடைசியில் அம்மாவின் குரலும் தெளிவாக வந்தது. அன்று பின்னேரமே தெருப்பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள். நான் தண்ணீருக்குப் போனால் ஒருத்தி, "அடுத்தது வரும்!" என்பாள். மற்றவள் இடுப்பில் கைவைத்து நின்று, "ஓம்! அவள் சொல்லுறது சரி!" என்பாள்.

அடுத்த நாள் விடிய அம்மா என்னை எழுப்பினார். தோய்த்த சட்டை மடித்து வைத்திருந்தது. "கன்னியாஸ்திரிமாரோட கதைச்சிட்டன். தங்கச்சியை நான் வாடிக்குக் கொண்டுபோறன். நீ பஸ்ஸில ஏறு."

அப்பா வாசலில் இருந்து பல் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் மறிக்கவில்லை.  இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, பெடியன்களுக்கும் சொல்லவில்லை. மறித்தது அப்பாதான், அது பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதை.

"போக மாட்டன்" என்றேன்.

"ஏன்?"

"உங்களாலதான் பெட்டி போனது. பஸ்ஸில எல்லாரும் பகிடி பண்ணுவினம். நீங்கள் செய்த வேலை. போக மாட்டன்."

அம்மா கெஞ்சவில்லை. அடிக்கவும் இல்லை. ஒரு தோளில் தங்கச்சியும் மற்றத் தோளில் என் புத்தகப் பையுமாகச் சந்தியில் போய் நின்றார். வாடியில் பிந்திப் போகிறவளுக்குப் பேச்சு விழும், அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வேலிக்குள் நின்று பார்த்தேன். பஸ் வந்தது. அம்மா கையைக் காட்டி நிறுத்தி, வீட்டுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். ஓட்டுநர் ஹோர்ன் அடித்தார். நான் அசையவில்லை. பஸ் போனது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பஸ்ஸுக்குள் இருந்த பிள்ளைகள் ஒருவரும் பகிடி பண்ணவில்லை, அவர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டே காத்திருந்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றேன். மேடையில் இருந்ததுபோல, எத்தனை பேர் பார்த்தாலும் அசையக் கூடாது என்று.

நான்காம் நாள் அம்மா என்னை எழுப்பவில்லை. நானாக எழும்பி வெளியில் வந்தேன். புத்தகப் பை ஆணியில் தொங்கியது. அம்மா தங்கச்சியைக் கொண்டுவந்து என் இடுப்பில் வைத்துவிட்டு வாடிக்குப் போனார்.

ஏழு மணிக்குச் சந்தியில் பஸ் வந்தது. கையைக் காட்ட ஆள் இல்லாததால் நிற்காமல் போனது. நான் தங்கச்சியைத் தூக்கிப் பிடித்து அதைக் காட்டினேன். அவள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். பிறந்ததிலிருந்து ஒருவரும் பார்த்திராத என் பல்லைக் காட்டி நானும் சிரித்தேன், அம்மாவை வென்றுவிட்டேன் என்று.