ஆண் வாரிசுக்கு மட்டும் வரும் இளைப்பு

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு சொத்து உண்டு. ஒன்று, ராயகிரிப் பக்கம் இருந்த வயல். இன்னொன்று, இளைப்பு. வயல் மழையை நம்பி வருஷா வருஷம் காய்ந்தது. இளைப்பு மட்டும் குறைவில்லாமல் விளைந்தது. அப்பாவின் தாத்தா இளைப்பில் போனவர், தாத்தாவும் அப்படியே, பெரியப்பாவும் அப்படியே. அப்பா சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் கிளார்க். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி ஆறுவதற்குள் இந்த வம்ச வரலாற்றைச் சொல்லி முடிப்பார். நடுநடுவே மூச்சு வாங்கி இளைத்தும் காட்டுவார். கையில் சிகரெட் புகைந்துகொண்டிருக்கும். வந்தவர் அதை ஒரு மாதிரிப் பார்த்தால், "இதுனால வந்ததில்லைவே, இது ரத்தத்துல உள்ளது" என்பார்.

பெண்களுக்கு வராது என்பது இதில் ஒரு விதி. "இன்னொரு வீட்டுக்குப் போறவளுக்கு நம்ம வீட்டு வியாதி எப்படி வரும்?" என்று அப்பா கேட்பார். வயலே வராதவளுக்கு வியாதி மட்டும் எப்படி வரும்? நியாயம்தானே என்று எல்லாரும் தலையாட்டுவார்கள்.

இந்த விதிக்குக் கட்டுப்படாதவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷன் தவறிப்போய், பிள்ளையும் இல்லாமல் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அம்மா பள்ளிக்கூட டீச்சர் என்பதால் அடுப்படி முழுக்க அத்தையின் பொறுப்பு. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். பனிக்காலத்தில் படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தே தூங்குவாள். அப்பாவின் நெஞ்சில் கேட்கிற அதே விசில் சத்தம் அவள் நெஞ்சிலும் கேட்கும். ஆனால் அப்பாவுக்கு வந்தால் அது இளைப்பு, அத்தைக்கு வந்தால் வெறும் இருமல். அப்பாவுக்கு வந்தால் ஆட்டுக்கால் சூப், தூதுவளை ரசம், ஊசி போடக் கம்பவுண்டர், ஆபீசுக்கு மெடிக்கல் லீவு. அத்தைக்கு வந்தால், "ஏட்டி, அங்கன போயி இருமு. ரேடியோ கேக்க விட மாட்டேங்கியே." அந்தச் சூப்பை உடைமர விறகில் கண் எரிய ஊதி ஊதிக் காய்ச்சியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் படிப்பை முடித்துவிட்டு வீட்டோடு இருந்தேன். அத்தையை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அப்போதுதான் அப்பாவை நச்சரிக்கத் தொடங்கினேன்.

"அடுப்புப் புகைக்கெல்லாம் டாக்டரைப் பாக்கணும்னா, ஊர்ல உள்ள பொம்பளை பூராத்தையும்லா வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போணும்" என்று அப்பா சிரிப்பார். கூடச் சேர்ந்து அம்மாவும் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் அப்பாவுக்கு இளைப்பு கொஞ்சம் கூடிவிட்டது. ஊசி போட்டுப் பார்த்தார், கோயில் புற்றுமண்ணைத் தின்று பார்த்தார், சிகரெட்டை விடுவதைத் தவிர எல்லாம் செய்து பார்த்தார். கடைசியில் கோமதியம்மனுக்கு ஆடிச்சுற்று நேர்ந்துகொண்டார். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் எங்கள் ஊரில் சனங்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடும். அப்பா நேர்ந்தது நூற்றொரு சுற்று. நேர்ந்து முடித்த பிறகுதான், இளைப்புக்காரனால் அத்தனை சுற்று நடக்க முடியாதே என்பது அவருக்கு உறைத்தது. அம்மாவுக்கு முட்டுவலி. நான் கல்யாணமாகாத பெண், கூட்டத்தில் அலையக்கூடாது. ஆக, வீட்டில் ஒரு வியாதியும் இல்லாத ஆள் ஒருத்திதான் மிச்சம்.

"நீ சுத்திருட்டி. உனக்கென்ன, நல்லாத்தானே இருக்கே" என்றார் அப்பா.

"சரிண்ணே" என்றாள் அத்தை.

அண்ணனுக்கு மூச்சு சீராக வேண்டுமென்று தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். நான் துணைக்குப் போய் மதில் நிழலில் தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்திருப்பேன். சுற்றுகிறவர்களின் கால்வலியை அம்பாளே வாங்கிக்கொள்வாள் என்பார்கள். கால்வலியைத்தான். மூச்சுமுட்டலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. பாதி நேர்ச்சைகூட முடியாத நிலையில் ஒருநாள் அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு, நாவல்பழம் தின்றவளுடையது போல இருந்தது. கூப்பிட்டால் பதில் சொல்ல மூச்சு இல்லை. நானும் பொரிகடலை விற்கிற ஒரு அம்மாளும் அவளைக் கைத்தாங்கலாகப் பக்கத்துத் தெருவுக்கு, புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். போகிற வழியெல்லாம் நான் அழுதேன்.

ஊசி போட்டு மூச்சு திரும்பிய பிறகு அப்பா வந்து சேர்ந்தார். டாக்டரம்மா ஒரு குழாயைக் கொடுத்து அத்தையை ஊதச் சொன்னார். அதிலிருந்த முள் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது.

"டாக்டர், இளைப்பு எனக்குத்தான். இவளுக்கு இல்லை" என்று அப்பா திருத்தினார்.

டாக்டரம்மா அவரையும் ஊதச் சொன்னார். அப்பா ஊதிய ஊதலில் முள் பாய்ந்து போயிற்று. எப்படி என்பது போல எங்களைப் பார்த்தார்.

"உங்க உயரத்துக்கு இது பரவாயில்லை. இவங்க உயரத்துக்கு அது பத்தவே பத்தாது. இவங்களுக்குத்தான் நெஞ்சு ரொம்பக் கெட்டிருக்கு" என்றார் டாக்டரம்மா.

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "எனக்கு இருக்கதை விடவா? எங்க வம்சத்துல இது ஆம்பளைக்கு வாரது, டாக்டர். இவ என்ன சிகரெட்டா குடிக்கா?"

"அவங்க குடிக்கலை, நீங்க குடிக்கீங்க. அடுப்புப் புகை வேற. உங்க அப்பா ரத்தம் உங்களுக்கு மட்டுமா வந்துச்சு? சில குடும்பத்துல பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் புகையே போதும், ஆம்பளையை விடச் சீக்கிரம் நெஞ்சு கெட்டுப்போகுது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியலை."

அடுப்படிப் பக்கமே அத்தை போகக்கூடாது, வீட்டுக்குள் யாரும் சிகரெட் பிடிக்கக்கூடாது, மூச்சு முட்டும்போது வாயில் வைத்து உறிஞ்ச ஒரு மருந்து என்று சொல்லி அனுப்பினார். அந்த மருந்தைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தோம். வந்த அன்று, வேலை செய்கிறதா என்று பார்க்க அப்பா ஒருமுறை உறிஞ்சினார். நன்றாகவே வேலை செய்தது. மறுநாளும் சோதித்தார். அதற்குப் பிறகு அது அவருடைய சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. இன்னொன்று வாங்கச் சொல்லி நான் சண்டை போட்டேன். "ஒரு வீட்டுக்கு எத்தனை வேணும்?" என்றார். அத்தைதான் என்னை அடக்கினாள்.

"விடு மக்கா. அண்ணன் நாலு எடத்துக்குப் போயிட்டு வாரவுக. நான் வீட்டுக்குள்ளதானே கிடக்கேன்."

சிகரெட் வாசல்வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு மழை வந்ததும் உள்ளே திரும்பிவிட்டது. அம்மா சில நாள் சமைத்தாள். பிறகு பள்ளியில் பரீட்சை வந்தது, அத்தை மறுபடி அடுப்படிக்குப் போனாள். மார்கழியில் ஒரு காலை, அடுப்பு மூட்ட உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அப்பா பையிலிருந்த மருந்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார், அதை மறைத்தால் பாவம். அதற்குள் அவள் போய்விட்டாள்.

துஷ்டிக்கு வந்தவர்களிடம் அப்பா, "மாரடைப்பு" என்றார். கேட்ட எல்லாரிடமும் அதையே சொன்னார். வயலில்தான் பங்கு இல்லை, செத்த பிறகாவது அந்த வியாதியை அவளுக்குக் கொடுத்திருக்கலாம். அதற்கும் அவருக்கு மனசு வரவில்லை. அவர் அழுதது பொய்யில்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று.

எனக்குக் கல்யாணமாகி, முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது மூச்சு முட்டத் தொடங்கியது. இந்தத் தடவை அப்பா சிரிக்கவில்லை. அவரே காரைப் பிடித்துத் திருநெல்வேலிக்கு ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் என் முதுகில் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டுவிட்டு, "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இது உண்டா?" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"எங்க அத்தைக்கு இருந்துச்சு. அதுலதான் செத்துப்போனா."