சாட்சி சொன்னவர் மாத்திரை போட்ட நாள்

அன்பானவர்களே, என் கணவர் ஜெபராஜின் மூளை கண்ணெதிரே கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற பாவி நான். அந்த நிலையிலிருந்து ஆண்டவர் எங்களை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பதைச் சொல்கிறேன்.

சைதாப்பேட்டையில் எங்கள் வீடு. ஈக்காட்டுத்தாங்கலில் அவருடைய லேத் பட்டறை. அவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. போன வருடம் ஒரு ஞாயிறு, சபையில் எழுந்து, "கர்த்தர் என் பிரஷரை எடுத்துட்டாரு, மாத்திரையக் குப்பையில போட்டுட்டேன்" என்று சாட்சி சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

சில மாதத்தில் நடை மாறியது. தரையில் பாதம் ஒட்டிக்கொண்டது போலத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். ஒன்று கேட்டால் பதில் வர வெகு நேரமாகும். காரணமில்லாமல் எரிந்து விழுவார். வயசாகிறது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் பட்டறையிலிருந்து மாரி போன் செய்தார். இருபது வருடமாக அவரோடு வேலை செய்பவர்.

"அக்கா, சீக்கிரம் வா. மெஷின் ஓடிக்கினே கீது, அண்ணன் கைய அது பக்கத்துல வச்சிக்கினு சும்மா நிக்கிறாரு. நான்தான் சுவிட்ச ஆஃப் பண்ணேன்!"

அடையாற்றில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஸ்கேன் படத்தில் மூளை நடுவே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"மூளைக்குள்ள போற ரத்தக்குழாய்ங்க முடி மாதிரி மெல்லிசும்மா. பிரஷர் இடிச்சு இடிச்சு அது தடிச்சுப்போச்சு. ஒரு பக்கத்துச் சேதிய இன்னொரு பக்கம் கொண்டுபோற இழைங்களுக்கு ரத்தம் பத்தல. அதான் நடையும் யோசனையும் மெதுவாகுது" என்றார் டாக்டர்.

"சரியாயிடுமா டாக்டர்?"

"போனது போனதுதாம்மா. மிச்சத்தக் காப்பாத்தலாம். மாத்திரை விட்டா ஸ்ட்ரோக் எப்ப வேணாலும் வரும்."

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நீட்டினேன். தட்டிவிட்டார். "சபை நடுவுல சாட்சி சொல்லியிருக்கேன். இப்ப இதப் போட்டா ஆண்டவர் பேருதான் கெடும். செத்தாலும் போடமாட்டேன்."

கெஞ்சினேன். கத்தினேன். காலில் விழுந்தேன். மனுஷர் அசையவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, உம்முடைய பேரைச் சொல்லித்தான் இவர் சாகப் பார்க்கிறார். என் பேச்சு எடுபடவில்லை. இனி நீரே பேசும்" என்று அழுதேன். கோபமாகத்தான் ஜெபித்தேன். வேறு யாரிடமும் நான் மூச்சு விடவில்லை.

மறுநாள் சாயங்காலம் எங்கள் பாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஜெபித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி குடுங்க. பிரஷர் மாத்திரை போட மறந்துட்டேன்."

நேற்று முழங்காலில் நின்ற அதே சமையலறையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

என் கணவர் வாயைப் பிளந்தார். "ஐயா... நீங்களா?"

"ஆமா பிரதர், பல வருஷமா. ஸ்தோத்திரம் சொல்லித்தான் போடுறேன்."

"அப்ப அன்னிக்கு என் சாட்சிக்கு ஏன் ஆமென் சொன்னீங்க?"

பாஸ்டர் முகம் வாடியது. "தப்புதான் பிரதர். நீங்க சந்தோஷமா நின்னீங்க. எனக்கு மறுக்கத் தைரியம் வரல."

பிறகு என் கணவர், "எனக்கும் தண்ணி கொண்டா" என்றார். நான் அழுதுகொண்டே ஓடினேன்.

அடுத்த ஞாயிறு அவரே எழுந்தார். பாதியில் வார்த்தை நின்றுபோனது. எனக்கு உயிரே போனது. தட்டுத் தடுமாறிச் சொன்னார்: "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. கர்த்தர் மேல தப்பில்ல. நான் இப்ப மாத்திரை போடுறேன்." யாரும் கை தட்டவில்லை.

ஆராதனை முடிந்ததும் அபிராமபுரத்திலிருந்து வரும் ஒரு சகோதரி அவர் முன்னால் வந்து நின்றார். உதடு துடித்தது. "அண்ணே, உங்க சாட்சியக் கேட்டுட்டுத்தான் நானும் மாத்திரைய நிறுத்தினேன்."

என் கணவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாரிக்குப் போன் செய்து வரவழைத்து, அவரோடு இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரஷர் பார்த்த டாக்டர் அவரை வீட்டுக்கே அனுப்பவில்லை, அன்றைக்கே அட்மிட் செய்துவிட்டார். இன்று நன்றாக இருக்கிறார்.

என் கணவர் இனி மெஷினைத் தொடுவதில்லை. மறுபடி எடுத்த ஸ்கேனில் அந்த வெள்ளைத் திட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் கூடவில்லை. அதற்கே கோடி ஸ்தோத்திரம். விசுவாசம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தியவர்கள் யாராவது இதை வாசித்தால், ஆண்டவரை நம்புங்கள், இன்றைக்கே போய்ப் பிரஷரும் பாருங்கள். நான் என் புருஷன் ஒருவருக்காகத்தான் அழுதேன். எனக்குப் பெயர்கூடச் சரியாகத் தெரியாத இன்னொருத்தியையும் ஆண்டவர் அந்த ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார்.