அறிவு என்றால் என்னவென்று கேட்டு நான் பட்ட பாடு

நமக்குத் தெரிந்ததெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்பதுதான் என் பிழைப்பு. உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். யாருமே கேட்காத கேள்விக்குத் தொண்டை வறள விடை சொல்லும் சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் என் அவஸ்தை புரியும். இந்த வருஷம் 'அறிவுக் கொள்கை' விருப்பப் பாடத்துக்கு ஐந்து பேர் சேராவிட்டால் பாடமும் இல்லை, நானும் இல்லை என்று முதல்வர் சொல்லிவிட்டார். சேர்ந்திருந்தது நாலு பேர். புதன்கிழமை கெடு.

மலையில் புகை

புகையைப் பார்த்து நெருப்பை அறிவது அனுமானம். நம் நாட்டுத் தத்துவத்தில் காலங்காலமாகச் சொல்லும் உதாரணம். ஜன்னலுக்கு வெளியே நிஜ மலையே நிற்க, எனக்குக் குஷி தாங்கவில்லை. "அதோ புகை!" என்று கையை நீட்டினேன். தேவாரம் ஊரிலிருந்து வரும் மாணவன் முருகன் நிதானமாக எழுந்தான்.

"சார், அது மேகம் எறங்குது. தீன்னா அங்கன தோட்டத்துல இருக்க எங்க மாமா இந்நேரம் போன் போட்டுருப்பாக."

எல்லாம் கனவா?

ஐரோப்பாவில் ஒருவர் குளிர்காய்ந்தபடி, இதெல்லாம் கனவாக இருந்தால் என்று சந்தேகப்பட்டார். நவீன தத்துவமே அங்கிருந்துதான் புறப்பட்டது என்று முழங்கினேன். "சந்தேகப்படும் நான் இருக்கிறேன், அது மட்டும் நிச்சயம்!" அனுமந்தன்பட்டி செல்வி கையைத் தூக்கினாள்.

"நீங்க இருக்கறது நிச்சயம் சார். நாங்களும் இருக்கமான்னு பாத்து அட்டென்டன்ஸ் போட்டுருங்க, பஸ்சுக்கு நேரமாச்சு."

நுனிப் பழம்

செவ்வாய்க்கிழமை, சேர ஆசைப்பட்ட ஆயிஷா தன் அத்தாவைக் கூட்டிவந்தாள். அவர் திராட்சை வியாபாரி. குலையின் அடிநுனியில் ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்தே விலை பேசிவிடுவார். கடைசியில் பழுப்பது அதுதான். அது இனித்தால் குலை முழுக்க இனிக்கும். "இதத் தெரிஞ்சுக்க எனக்கு எந்தக் காலேசும் தேவைப்படல சார்" என்றார். வேலை போகிற பயத்தில் நான் துடுக்காகக் கேட்டுவிட்டேன்: "இதுவரைக்கும் சரி பாய். நாளைக்கும் அப்படியேதான் இருக்கும்னு எத வச்சுச் சொல்றீக?"

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடாமலே மகளோடு போய்விட்டார். கெடுத்துக்கொண்டோமே என்று நொந்துபோனேன்.

மறுநாள் சாயங்காலம், ஆபீஸ் பூட்டும் நேரத்தில் ஓடிவந்தார். சட்டையெல்லாம் திராட்சைக் கறை. பின்னால் ஆயிஷா சிரிப்பை அடக்க முடியாமல் நின்றாள்.

"ஒத்தப் பழத்த நம்ப முடியாம காலையிலருந்து குலை குலையாத் தின்னுக்கிட்டு நிக்கிறேன் சார், லாரி தோட்டத்துலயே கெடக்கு. எம்மகளச் சேத்துக்கங்க, இந்தச் சந்தேகத்த இவ படிச்சுத் தீக்கட்டும்!"

அந்தச் சந்தேகத்தைப் பல நூறு வருஷமாக எந்தத் தத்துவவாதியும் தீர்த்தபாடில்லை என்பதைப் பற்றி, அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை நான் மூச்சுவிடவில்லை.