ஜெனரேட்டர் சுருதி

நுழைவுத் தேர்வுக்கு வருபவரிடம் சுருதிப் பெட்டி இல்லையென்றால் கல்லூரியே தர வேண்டும். இசைக் கல்லூரி விதிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளனான எனக்கு அதுபோன்ற புத்தகங்களைத் தவிர வேறு வாசிப்பு கிடையாது.

சித்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுக் கூலிக்காரரின் மகள் கௌரியைத் திருப்பதிக்கு அழைத்துப் போயிருந்தேன். இடம் கிடைத்தால் பாட்டு டீச்சராகலாம். இல்லையென்றால் மறுநாளே செருப்புக் கம்பெனி வேலை.

“பெட்டி பீரோவுல இருக்குது. சாவி வெச்சிருக்கிறவரு லீவு,” என்றார் குமாஸ்தா. விதியைச் சொன்னேன்.

“எழுதிக் குடுங்க சார், பதில் வரும்.”

எழுதிக் கொடுத்தேன். செல்போன் சுருதிக்கோ அனுமதியில்லை. அதற்குள் கௌரியைக் கூப்பிட்டுவிட்டார்கள். மின்வெட்டு வேறு, வெளியே ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது.

“தாத்தா, வெளிய போயி அந்த ஜன்னலத் தெறந்து புடிச்சிக்கினு நில்லுங்க. கடலைக் கொல்லையில களை எடுத்துக்கினே மோட்டார் சத்தத்துலதான் பாடக் கத்துக்கினேன். இதுவும் அந்த மாதிரிதானே?”

பாடினாள். பாதியில் கரண்ட் வந்து ஜெனரேட்டர் நின்றது. என் கை ஜன்னல் கம்பியை இறுக்கியது. பிடிமானம் ஏதுமின்றி அவள் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. தேர்வாளர் கண்ணை மூடிக் குறை தேடினார். மறுபடி கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமியபோது, அவள் நீட்டிக்கொண்டிருந்த ஷட்ஜமும் அதுவும் ஒன்றாகவே இருந்தன. தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

என் வாழ்நாள் முழுவதும் விதிகளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அன்று உருப்படியாகப் பிடித்தது ஒரு ஜன்னல் கதவை.

‘சுருதிப் பெட்டி வழங்க ஆவன செய்யப்படும்’ என்று என் மனுவுக்குப் பதில் வந்தது, கௌரி படிப்பை முடித்து விஜயபுரம் பள்ளியில் பாட்டு டீச்சராகச் சேர்ந்த அன்று.