சப்பாத்துக்குக் காவல்

உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே, வயல் வட்டைக்குள் நிற்கிறோம். என் மகள் இங்கே விவசாயப் போதனாசிரியர். போன மாதம் வரம்பில் செருப்போடு நடந்தவளைப் புடையன் பாம்பு கடித்தது. அவள் பிழைத்துவிட்டாள், எனக்குத்தான் இன்னும் தூக்கம் வருவதில்லை. கொழும்பில் கடை கடையாக ஏறி, கணுக்காலுக்கு மேலே கட்டும் தடித்த தோல் சப்பாத்து வாங்கி வந்திருக்கிறேன். இன்று அவள் வேலைக்குத் திரும்பும் முதல் நாள். காலையில் நானே நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

நெல்லின் ஈரம் பார்க்க அவள் களத்தில் ஏறப் போகிறாள். வயல்காரர் கையை நீட்டி மறிக்கிறார்.

"பொலி கிடக்கிற இடம், மனே. கழட்டிப்போட்டு வாங்க."

சூடடித்துக் குவித்த நெல்தான் பொலி. அதன் பக்கத்தில் யாரும் காலணியோடு போவதில்லை. மகள் உடனே குனிந்து நாடாவை அவிழ்க்கிறாள்.

"பாம்பு கடிச்ச பிள்ளை, ஐயா," என்கிறேன் நான்.

"தெரியும். நான்தானே மோட்டச்சைக்கிள்ல ஏத்திக்கொண்டு ஓடின. களம் மெழுகிக் கிடக்கு, எறும்பு ஊர்ந்தாலும் தெரியும்." பிறகு சப்பாத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். "இதத்தான் கவனமாப் பாருங்க. இருட்டு, சூடு. பாம்புக்கு நல்ல வீடு!"

மகளும் சிரிக்கிறாள். வெறுங்காலோடு களத்துக்குள் நடக்கிறாள். கணுக்காலில் கடித்த இடம் இன்னும் கறுத்திருக்கிறது.

நான் வரம்பில் உட்கார்ந்து சப்பாத்து இரண்டையும் மடியில் வைத்து, அவற்றின் வாயைக் கைகளால் பொத்திக்கொள்கிறேன்.