முதல் மூன்று அத்தியாயங்கள்

கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பெயர் கண்ணாடியக்கா. முன்பக்கம் நிற்பவர்கள் ஃப்ரேம் விற்பார்கள். பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து, ஓரம் வெட்டி, ஃப்ரேமில் பொருத்துவது அவள். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, வெள்ளைத் தூள் படிந்த அதே மேசை, ஃப்ரேமைச் சூடாக்கி வளைக்கும் அதே சின்னப் பெட்டி. அரை மில்லிமீட்டர் பிசகினால் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும். அவள் கையிலிருந்து போன கண்ணாடி ஒன்று திரும்பி வந்ததாகக் கடையில் யாருக்கும் நினைவில்லை.

அவள் எழுதிய நாவல்தான் திரும்பித் திரும்பி வந்தது.

நாற்பதாவது வயதில் அதை எழுதி முடித்தாள். முப்பத்தோரு அத்தியாயம். பொத்தான் கடை வைத்திருக்கும் ஓர் அப்பா, அவருடைய இரண்டு பெண்கள், கடை யாருக்கு என்ற சண்டை. அவ்வளவுதான் கதை. கணவர் குழாய் வேலை பார்ப்பவர். ஒரே வாரத்தில் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கடை மாடியில தண்ணி ஒழுகுதுன்னு எழுதியிருக்கியே, அது வாஷர் மாத்தினா நிக்காது. பைப்பே போயிருக்கு" என்றார். அந்த ஒழுகல் மறுநாளே திருத்தப்பட்டது.

பிறகு பதிப்பகங்களுக்கு அனுப்பத் தொடங்கினாள். யாரும் முழு நாவலைக் கேட்கவில்லை. முதல் மூன்று அத்தியாயங்கள், ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம், தன்னைப் பற்றி நாலு வரி. நான்கு மாதம் கழித்துப் பதில் வரும், அல்லது வராது.

முதல் பதிப்பகம், தொடக்கம் மெதுவாக இருப்பதாக எழுதியது. அவள் முதல் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினாள். இரண்டாவது பதிப்பகம், ஆட்கள் அதிகம் என்றது. இளைய மகளை எடுத்துவிட்டாள். இன்னொன்று, அப்பா பேசிக்கொண்டே இருக்கிறார் என்றது. அப்பாவின் வாயைக் குறைத்தாள். எழுதுகிறவர்களுக்கும் பதிப்பகங்களுக்கும் நடுவில் நின்று பேசிவிடும் முகவர் ஒருவரைப் போய்ப் பார்த்தபோது, அவர் பக்கங்களை விசிறி மாதிரி புரட்டிவிட்டுச் சொன்னார்: "மூணாவது அத்தியாயம் முடியறப்ப படிக்கிறவங்களுக்கு நெஞ்சு பக்குனு இருக்கணும்மா. இங்க ஒண்ணுமே நடக்கலையே."

அந்த வாரமே மூன்றாவது அத்தியாயத்தின் முடிவில் அப்பா கல்லாவின் மேல் சரிந்து விழுந்து செத்தார். டப்பா கவிழ்ந்து பொத்தான்கள் தெருவரை உருண்டன. அதை எழுதிவிட்டு அவள் சமையலறையில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொந்த அப்பா போனபோதுகூட அப்படி அழுததில்லை.

ஒவ்வொரு முறையும் சுருக்கத்தையும் மூன்று அத்தியாயங்களுக்கு ஏற்றபடி மாற்றினாள். நாலாவது அத்தியாயம் முதல் கடைசிவரை அலமாரியின் மேல் ஒரு நீல அட்டைக் கோப்பில், பழைய முதல் மூன்றோடு சேர்ந்து, எழுதியது எழுதியபடி கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவளும் தொடவில்லை. ஒன்பது வருடத்தில் பதினோரு முறை அனுப்பினாள். பதினோரு முறையும் அனுப்புமுன் நாத்தனாரை உட்காரவைத்து மூன்று அத்தியாயங்களையும் உரக்கப் படிக்கச் சொல்வாள், காதில் கேட்டால் பிழை தெரியும் என்று. நாத்தனார் கணவருக்கு மூத்தவள், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அதே வீட்டில்தான் இருந்தாள்.

பன்னிரண்டாவதாக அனுப்பிய இடத்திலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் போன் வந்தது. லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுத்தாள்.

"பதிப்பகத்துலேருந்து பேசறேங்க, எடிட்டர். உங்க மூணு அத்தியாயம் படிச்சேன். முழுசா அனுப்புங்க. பத்து நாள்ல எங்க கூட்டம், இந்த வருஷம் எதெல்லாம் போடறதுன்னு அன்னிக்குத்தான் முடிவு பண்ணுவோம். முடிச்சு வெச்சிருக்கீங்கல்ல?"

"ஒன்பது வருஷமா முடிஞ்சுதாங்க இருக்கு" என்றாள்.

அன்று மாலை நீல அட்டை இறங்கியது. புதிய மூன்று அத்தியாயங்களை மேலே வைத்து, அதன் கீழே பழைய நாலாவதை வைத்து நாத்தனாரிடம் கொடுத்தாள். நாத்தனார் மூன்றாவதைப் பார்க்காமலே ஒப்பித்தாள். நாலாவதில் ஒரு பக்கம் போனதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏம்மா, இந்த ஆள் இப்பத்தானே செத்தாரு?"

"ஆமா அண்ணி."

"அப்ப எப்படி டீ கேக்கறாரு?"

அவள் எட்டிப் பக்கத்தைப் பார்த்தாள்.

"சர்க்கரை கம்மின்னு வேற சொல்றாரு" என்றாள் நாத்தனார். "இந்தச் சின்னப் பொண்ணு யாரு? இவளை எப்பவோ எடுத்துட்டியே."

அப்போதுதான் கண்ணாடியக்காவுக்கு உறைத்தது. பதிப்பகம் கேட்ட நாவல் உலகத்தில் எங்குமே இல்லை. அதற்கு மூன்று அத்தியாயங்களும் ஒரு பக்கச் சுருக்கமும் மட்டுமே இருந்தன.

மறுநாள் காலை ஐந்தரைக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். மீதி இருபத்தெட்டு அத்தியாயங்களிலிருந்தும் அப்பாவையும் இளைய மகளையும் எடுத்துவிட்டால் போதும் என்பது கணக்கு. நாலாவதில் டீ போயிற்று. ஐந்தாவதில் சண்டை போயிற்று, சண்டை போட ஆளில்லாததால். கடையில் சாப்பாட்டு இடைவேளையிலும் லென்ஸ் தூளை ஒதுக்கிவிட்டு எழுதினாள். அந்த வாரம் ஒருவருக்கு வலது லென்ஸை இடதில் பொருத்திவிட்டாள். முன்பக்கம் நிற்பவர் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்து, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஆறாவது நாள் ஒன்பதாவது அத்தியாயத்துக்கு வந்தாள். அப்பாவுக்குப் பார்வை மங்குகிறது. பழுப்புப் பொத்தானையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். வாடிக்கையாளர் திரும்பி வந்து சத்தம் போடும்போது, வேண்டுமென்றே விளையாடியதுபோலச் சிரித்து மழுப்புகிறார். பெரியவள் நம்பிவிடுகிறாள். சின்னவளுக்குத் தெரிந்துவிடுகிறது, ஆனால் சொல்லவில்லை. நாலு பக்கம். அதற்குக் குறுக்கே கோடு போடப் பேனாவை வைத்தவள் எடுத்துவிட்டாள். எதிரே கணவர் வேலைக்குக் கிளம்பப் பையில் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இந்த மனுஷனைக் கொன்னதே அந்த முகவர் சொன்னதாலதான்."

"அப்பக் கொல்லாதே."

"அப்புறம் அவங்க வேணாம்னுடுவாங்க."

"சொல்லட்டும். பதினோரு பேர் சொல்லியாச்சு. பன்னெண்டாவது ஆளுக்காக ஒரு மனுஷன் சாகணுமா?"

நாத்தனார் அடுப்படியிலிருந்தே கத்தினாள். "நீ சும்மா இருடா, உனக்கு என்ன தெரியும்? அவங்களுக்குப் பிடிச்சதே அந்த மூணுதான். பேசாம போன் போட்டு, உடம்பு சரியில்ல, ரெண்டு மாசம் டைம் குடுங்கன்னு கேளும்மா."

அது நல்ல யோசனைதான். கண்ணாடியக்கா போனைக் கையில் எடுத்து, எண்ணைக்கூடத் தேடிவிட்டாள். இரண்டு மாதம் கிடைத்தாலும் ஒன்பதாவது அத்தியாயத்தை வெட்டத்தானே வேண்டும் என்று யோசித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

எட்டாவது நாள் பார்சல் போயிற்று. உள்ளே முப்பத்தோரு அத்தியாயம், முதல் மூன்றும் பழையபடி, அப்பா உயிரோடு. மேலே ஒரு கடிதம்: "நீங்கள் படித்த மூன்று அத்தியாயங்கள் ஒவ்வொருவர் சொன்னதற்கும் நான் மாற்றி மாற்றி எழுதியவை. அதற்குப் பின்னால் நாவல் கிடையாது. சுருக்கத்தில் சொன்னதும் நடக்கவில்லை. நான் எழுதிய நாவல் இதுதான். ஏமாற்றியதுபோல் ஆகிவிட்டது. மன்னிக்கவும்."

கூட்டத்துக்கு மிச்சமிருந்த இரண்டு நாளும் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாத்தனார் மட்டும் குழம்பு ஊற்றும்போது கரண்டியைக் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.

கூட்டம் நடந்த அன்று மதியம் போன் வந்தது.

"கடிதம் பார்த்தேன்" என்றார் எடிட்டர். "முதல்ல கோவம்தான் வந்துச்சு. திருப்பி அனுப்பிடலாம்னு எடுத்து வெச்சுட்டேன். அப்புறம் சாப்பிடும்போது சும்மா நடுவுல பிரிச்சேன். பொத்தான் மாத்திக் குடுக்கற இடம்."

"சரிங்க."

"நாங்க போடறோம். அப்பா இருக்கட்டும், சின்னவளும் இருக்கட்டும். ஆனா ஒண்ணு. முதல் மூணு அத்தியாயம் வேணாம்."

"புதுசு மூணையும் நானே எடுத்துட்டேங்க."

"பழசைத்தான் சொல்றேன். புதுசும் வேணாம், பழசும் வேணாம். அந்த மூணும் இல்லாமலே கதை புரியுது. நாலாவதுல அவர் டீ கேக்கறாரே, அங்க ஆரம்பிங்க."

இயந்திரத்தில் ஒரு லென்ஸ் பாதி தேய்ந்து நின்றது.

"மூணையுமா?"

"மூணையும்."

"ரெண்டாவதுல ஒரு பத்தி..."

"எந்தப் பத்தி?"

"ஒண்ணுமில்லைங்க. எடுத்துடறேன்."

மாலையில் விஷயத்தைக் கேட்ட கணவர் இரண்டு முறை தலையாட்டிவிட்டு, பைப் ஒழுகும் இடம் எத்தனையாவது அத்தியாயம் என்று கேட்டார். பன்னிரண்டு என்றதும் நிம்மதியாகக் கை கழுவப் போனார். நாத்தனார் நாற்காலியில் சாய்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது வருஷமா பன்னெண்டு தடவை என்னை உக்கார வெச்சுப் படிக்கச் சொன்னது எந்த மூணு?"

"அதேதான் அண்ணி."

"அந்த எடிட்டர்கிட்ட என் தொண்டையைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு." அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "மீதியைக் குடு, படிக்கிறேன். அந்தச் சின்னப் பொண்ணு என்ன ஆனாள்னு தெரிஞ்சாகணும்."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், பின்னறை மேசையில் கண்ணாடியக்கா நகலை விரித்தாள். முதல் மூன்று அத்தியாயங்களை எடுத்துக் கிழிக்காமல் தனியே வைத்தாள். பிறகு நான்கு என்ற எண்ணை அடித்து ஒன்று என்று எழுதினாள். ஐந்தை அடித்து இரண்டு. முப்பத்தொன்றை அடித்து இருபத்தெட்டு என்று போட்டு முடித்தபோது தட்டில் இரண்டு ஃப்ரேம்கள் வந்து காத்திருந்தன. கையைத் துடைத்துவிட்டு இயந்திரத்தைப் போட்டாள்.