வாயில் ஒரு கிராம்பு

தலைவலித் தைலம் வந்த சின்னத் தகர டப்பா அது. மூடியின் பச்சைப் பெயின்ட் உரிந்து, விரல் படும் இடத்தில் மட்டும் தகரம் பளபளக்கும். இப்போது அதில் சேஃப்டி பின்கள் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் புடவைக்குக் குத்தப் பின் எடுக்கத் திறந்தால் கிராம்பு வாசனை அடிக்கும். கழுவிப் பார்த்தாலும் போகவில்லை. அந்த வாசனை வரும்போது எனக்கு அழுகை வரவேண்டும் என்று நினைக்கிறேன். வருவதில்லை. நாக்கின் நுனி மட்டும் லேசாக மரத்துப்போகிறது. அதுவும் என் கற்பனையாக இருக்கலாம்.

டப்பா என் சித்தியுடையது. அம்மாவின் தங்கை. சித்தப்பா பென்னாகரத்தில் பள்ளி ஆசிரியர், சபையின் செயலாளர். ஞாயிறு ஆராதனையில் முதல் பாட்டை எடுத்துக் கொடுக்கும் குரல் அவருடையது. மேல்நிலைப் படிப்புக்காக அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒகேனக்கல் போகிற சாலையை ஒட்டிய வீடு. விடுமுறை என்றால் சுற்றுலா வேன்கள் சினிமாப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகும். சனிக்கிழமைதோறும் எங்கள் கூடத்தில் பெண்களின் உபவாச ஜெபம் நடக்கும். வேன் சத்தத்துக்கு மேல் எங்கள் சகோதரிகள் குரலை உயர்த்துவார்கள். பெரும்பாலும் வேன்தான் தோற்கும்.

உபவாச ஜெபத்தில் விண்ணப்ப நேரம் என்று ஒன்று உண்டு. யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். புறம்பேசுவது பாவம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஊர்ச் சங்கதி முழுவதும் விண்ணப்பமாகவே வரும். “பேரு சொல்லலைங்க. மேட்டுத்தெரு சகோதரி ஒருத்தங்க. வூட்டுக்காரரு பெங்களூர்ல வேல செய்யறாரு. இவங்க யார்கூடவோ எந்நேரமும் போன்ல பேசறாங்களாம். பாரத்தோட ஜெபிச்சுக்கங்க.” மேட்டுத்தெருவில் கணவனைப் பெங்களூருக்கு அனுப்பியவள் ஒருத்திதான் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைக்கும் வித்தையை நான் அந்தக் கூடத்தில்தான் பார்த்தேன்.

கடைசியில் சித்தியின் முறை வரும். அவள் தனக்காக எந்த விண்ணப்பமும் வைத்ததில்லை. மற்றவர்கள் வைத்தார்கள். அவளைப் பாயின் நடுவில் முழங்காலிட வைத்து, தலைமேல் ஆளுக்கொரு கை வைத்து, அவளுடைய கர்ப்பத்தின் கட்டை அவிழ்க்கச் சொல்லி ஜெபிப்பார்கள். கதவடியில் வந்து நிற்கும் சித்தப்பா முடிவில் ஆமென் சொல்வார். சித்தியின் வகிட்டில் நரை தெரிந்த பிறகும் அவர்கள் விடவில்லை. வேதத்தில் வயதானவர்களும் பெற்றிருக்கிறார்கள் அல்லவா? பாயின் நடுவுக்குப் போகுமுன் சித்தி இடுப்பில் செருகியிருக்கும் டப்பாவைத் திறந்து ஒரு கிராம்பை நாக்கின் கீழ் வைத்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டபோது, “பல்லு வலி கண்ணு” என்றாள். நானும் நம்பினேன். சனிக்கிழமை மட்டும் வரும் பல்வலி.

ஒருமுறை ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்கும் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்தவர், வெள்ளை ஜிப்பா. சித்தியின் தலையில் கை வைத்தவர் வைத்த வேகத்தில் எடுத்துவிட்டு, இந்த வீட்டில் மறைவான ஒரு பாவம் இருக்கிறது, அதுதான் கர்ப்பத்தை அடைத்திருக்கிறது, அறிக்கையிடு மகளே என்றார். கூடமே உற்சாகமாகிவிட்டது. அதுவரை பசியில் சோர்ந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கதவடியில் சித்தப்பா கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றார். சித்தியின் தாடை அசைந்தது. கிராம்பைக் கடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். கண்ணில் நீர் கோத்தது.

“எனக்கு ஒருத்தர் மேல கோவம் இருக்குதுங்க” என்றாள்.

“யார் மேல?”

“அது ஆண்டவருக்குத் தெரியுங்க.”

ஊழியக்காரர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அதற்குமேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கஞ்சி குடித்துவிட்டுக் கலைந்தவர்கள் ஏமாந்த முகத்தோடு போனார்கள். அடுத்த வாரத்திலிருந்து பேர் சொல்லாத விண்ணப்பங்களில் சித்தியும் சேர்ந்துகொண்டாள். ஏதோ செய்திருக்கிறாள், சொல்ல மாட்டேன் என்கிறாள் என்பது வழக்கமான பேச்சானது. அவள் காதுபடவே பேசினார்கள். அவள் அவர்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

நான் ஆசிரியையாகி தருமபுரியில் குடியேறிய பிறகு சித்தப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஒரு பகல் சித்தி மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். சித்தப்பா சுவரைப் பார்த்தபடியே பேசினார். “கொற எங்கிட்டதான் பாப்பா. கல்யாணமான புதுசுல இதே சேலத்துலதான் டாக்டரு சொன்னாரு. உங்க சித்தியும் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. மொத மொத அவ தலைல கை வச்சு ஜெபிச்சப்ப என்னைய நிமிந்து பாத்தா. நான் ஆமென்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவ பாக்கவே இல்ல.” பிறகு, “கிராம்பு தீந்துபோச்சுன்னு அவ ஒருநாளும் சொன்னதில்ல. தீர்றதுக்குள்ள நானே வாங்கியாந்து டப்பால போட்டுருவேன்” என்றார்.

அது எனக்கும் நினைவிருந்தது. மளிகைப் பையைக் கவிழ்த்ததும் அவர் முதலில் தேடி எடுப்பது அந்தச் சின்னப் பொட்டலத்தைத்தான். மனைவியின் பல்வலிமேல் இவ்வளவு அக்கறையா என்று நான் கேலிகூடச் செய்திருக்கிறேன். கோபம் வரவேண்டிய இடம் அது. இரக்கமாவது வந்திருக்கலாம். எனக்கு இரண்டும் வரவில்லை. விலகியிருந்த போர்வையை அவர் காலுக்கு இழுத்துவிட்டேன்.

சித்தப்பாவின் அடக்கம் முடிந்தபின் வீட்டில் ஆறுதல் ஜெபம். அதே கூடம், அதே பெண்கள், இந்த முறை நாற்காலிகளில் ஆண்களும். விண்ணப்ப நேரத்தை நடத்துகிற சகோதரி எழுந்து சாட்சி சொன்னார்: “புள்ள பெத்துக் குடுக்க முடியாட்டியும் அக்காவ அண்ணன் கைவிடலைங்க. வேற ஆம்பளையா இருந்தா இன்னொருத்திய இட்டாந்திருப்பான். அப்பேர்ப்பட்ட மனுசன்.” எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். போதகர் சித்தியை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். டப்பா ஜன்னலில் மூடியபடி இருந்தது. அன்று அவள் அதைத் தொடவே இல்லை என்பதை நான் கவனித்திருந்தேன். இனி அவள் காப்பாற்றவேண்டியவர் யாரும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும், அவள் பேரில் இருந்த அழுக்கெல்லாம் போய்விடும். சித்தி எழுந்தாள். அந்தப் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“எல்லாரும் வந்ததுக்கு ஸ்தோத்திரமுங்க. சாப்புட்டுட்டுப் போங்க” என்று உட்கார்ந்துவிட்டாள்.

சமையலறையில் அவளிடம், சித்தப்பா என்னிடம் சொல்லிவிட்டார் என்றேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. “உங்கிட்ட சொன்னாரா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல” என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பேசினாள். “அவரு பேரக் காப்பாத்தத்தான் வாய மூடிட்டு இருந்தேன்னு நெனைக்காத. சொல்லி முடிச்சதும் இவளுங்க மூஞ்சியெல்லாம் செத்துப்போறதப் பாக்கணும்னு அம்புட்டு ஆச எனக்கு. அவரு தலை குனியறதயும் பாக்கணும். ராவும் பகலும் அதுதான் ஓடும். அந்த ஆசயப் பாத்துத்தான் பயந்தேன். அதுக்குத்தான் கிராம்பு. இன்னிக்கு வாயில ஒண்ணும் போடல. சொல்லிரலாம்னுதான் எந்திரிச்சேன். உள்ள தேடிப் பாக்கறேன், கோவத்தக் காணோம். ஆசயும் இல்ல. ஆண்டவரு குடுத்த ஜெயமா, இல்ல மரத்துப்போச்சான்னு தெரியல கண்ணு.”

எனக்கும் தெரியவில்லை. பாவத்தை எதிர்த்து நில்லுங்கள் என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம். எதிர்த்து நின்று முடித்தவர்களுக்கு உள்ளே என்ன மிஞ்சும் என்று யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. சித்திக்கு அது தேவைப்பட்டிருக்கும்.

போன தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை பென்னாகரம் போயிருந்தேன். கூட்டம் இன்னும் அவள் வீட்டில்தான் நடக்கிறது. பழைய ஆட்கள் குறைந்து, இப்போது சித்திதான் மூத்தவள். விண்ணப்பங்களின் முடிவில் ஒரு சின்னப் பெண்ணைப் பாயின் நடுவுக்கு அனுப்பினார்கள். கல்யாணமாகிச் சில வருடம் ஆகியும் ஒன்றும் இல்லையாம். அவளும் குனிந்து முழங்காலிட்டாள். கைகள் நீண்டன. மூத்தவள் என்பதால் முதல் கை சித்தியுடையது. அவள் அதை வைக்காமல், “இவ வூட்டுக்காரரு எங்க?” என்று கேட்டாள்.

“கூட்டிட்டுப் போக வந்திருக்காருங்கக்கா. வெளிய வண்டில இருக்காரு.”

“உள்ள வரச்சொல்லு.”

“இது பொம்பளைங்க ஜெபமுங்களே” என்று யாரோ இழுத்தார்கள்.

“புள்ள ரெண்டு பேருக்குந்தான? ரெண்டு பேரு தலைலயும் கை வெப்போம். அவரு வந்து மண்டி போடற வரைக்கும் இவ தலைமேல ஒருத்தரும் கை வெக்கக் கூடாது.”

நீண்டிருந்த கைகள் மடங்கின. வெளியே ஒரு வேன் பாட்டோடு கடந்து போனது. அந்தப் பையன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வந்து மனைவியின் பக்கத்தில் முழங்காலிட்டான். அவள் தலையைத் தூக்கிச் சித்தியைப் பார்த்தாள். சித்தியின் முகத்தில் வெற்றியும் இல்லை, கண்ணீரும் இல்லை. சுருக்கமாக ஜெபித்துவிட்டுக் கஞ்சி ஊற்றப் போனாள். நான் கிளம்பும்போது டப்பாவில் மிச்சமிருந்த கிராம்பை மசாலாப் பாட்டிலில் கொட்டிவிட்டு, “இதுல ஏதாச்சும் போட்டு வெச்சுக்க” என்று என்னிடம் கொடுத்தாள்.

இதை எழுதலாமா என்று சித்தியிடம் போனில் கேட்டேன். பேர் எதுவும் சொல்லாமல் எழுதுவதாகச் சொன்னேன்.

“அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிரும்” என்றாள்.

சிரித்தாளா என்று தெரியவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. இன்று காலையும் டப்பாவைத் திறந்தேன். வாசனை அடித்தது. ஒரு பின்னை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.